அவர் பெயர் என்ன?

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் சாலையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. விடுமுறை முடிந்து விடுதிக்குத் திரும்பும் நாள்களில் அவற்றை உரக்க எண்ணிக்கொண்டே பேருந்தில் செல்வோம். பத்தாம் வளைவுவரை அம்மாவின் நினைவு வாட்டும். அதற்கு மேல் குளிர் வந்து முகத்தில் அறையும். இருபதைத் தாண்டி ஏரி கண்ணில் பட்டதும் வீடு மறந்துபோகும்.

சேர்வராயன் மலைக்குப் பள்ளிகளால் வந்த பெயர் பெரிது. குளூனி புனித சூசையப்பர் சபைக் கன்னியர் 1894ஆம் ஆண்டில் தொடங்கிய திரு இருதயப் பள்ளியும், புனித கபிரியேல் சபைச் சகோதரர்கள் 1917ஆம் ஆண்டில் நிறுவிய மான்ட்போர்ட் பள்ளியும் நாடறிந்தவை. நாங்கள் படித்தது அத்தகைய புகழ் பெற்ற பள்ளியன்று. ஓட்டுக் கூரையும் ஒரே ஒரு விளையாட்டுத் திடலும் கொண்ட சிறிய விடுதிப் பள்ளி. ஆயினும் "உங்கள் சொந்த ஊர் எது?" என்று எவரேனும் கேட்டால், பிறந்த ஊரைச் சொல்லுமுன் இம்மலையின் பெயரே எங்கள் நாவில் வருகிறது. இஃது எப்படி நேர்ந்தது என்று பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறோம். பாடங்களால் அன்று என்பது மட்டும் உறுதி. அவற்றுள் பாதி மறந்துவிட்டன.

1974ஆம் ஆண்டு டிசம்பர் மாதம். கமலா ஆரஞ்சு பழுத்துக் கிடந்த காலம். கிறிஸ்து பிறப்பு விடுமுறைக்குச் சில நாள்களே இருந்தன. நாங்கள் ஐவர், மாலைப் படிப்பு மணி அடிக்குமுன், பள்ளிக்குக் கீழே சரிவில் இருந்த ஒரு முதியவரின் தோட்டத்து வேலியைத் தாண்டினோம். சட்டைக்குள் கொள்ளுமளவு பழங்களைப் பறித்தோம். நாய் குரைக்கவே ஓடினோம். ஓட்டத்தில் ஒருவனின் செருப்பு ஒன்று வேலியோரம் விழுந்துவிட்டது.

மறுநாள் காலை அம்முதியவர் பள்ளி வாயிலில் நின்றார். முறையிட வந்திருக்கிறார் என்று நடுங்கினோம். அவரோ கையிலிருந்த செருப்பை நீட்டி, "பனி கொட்டுது சாமி. புள்ள வெறுங்காலோட நடக்கும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

விடுதிக்குப் பொறுப்பாயிருந்த அருள்சகோதரர் எங்களை அழைத்தார். பிரம்பு அவர் மேசைமேல்தான் இருந்தது. அதை அவர் தொடவில்லை.

"யாருடைய தோட்டம்?"

"அந்தத் தாத்தாவுடையது, பிரதர்."

"அவர் பெயர் என்ன?"

ஒருவருக்கும் தெரியவில்லை. மூன்று ஆண்டுகளாக அவர் வீட்டைக் கடந்துதான் ஏரிக்கு நடந்திருக்கிறோம். சகோதரர் சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு, "எனக்கும் தெரியாது. வாருங்கள், கேட்டுவிட்டு வருவோம்" என்று எழுந்தார். அந்த "எனக்கும்" என்ற சொல்தான் எங்களைச் சுட்டது. பிரம்படி பட்டிருந்தால் இந்நேரம் மறந்திருப்போம்.

சனிக்கிழமைதோறும் அவர் தோட்டத்தில் வேலை செய்வது என்று முடிவாயிற்று. காப்பிப் பழம் பறித்தோம். சிவந்ததை மட்டும் பறிக்க வேண்டும், பச்சையைத் தொடக்கூடாது என்பதையே அவர் பத்து முறை சொல்ல வேண்டியிருந்தது. காப்பிச் செடி கடுவெயிலைத் தாங்காது. ஆகையால் மேலே சில்வர் ஓக் மரங்கள் நிழல் தருகின்றன. அந்த நிழல் மிகுந்தாலும் காய்ப்புக் குறையுமாதலால் கிளைகளை அளவறிந்து கழிக்க வேண்டும். நாங்கள் அறிந்த ஆசிரியர்களுள் சிலர்க்கும் இவ்வளவு நிழல்ஞானம் இருந்ததில்லை!

அவர் மலையாளிப் பழங்குடியினர். இப்பெயரைக் கேட்டுக் கேரளத்தை நினைப்போர் உளர். இவர்கள் பேசுவது தமிழே. காஞ்சிபுரத்திலிருந்து புறப்பட்ட அண்ணன் தம்பியர் மூவருள் பெரியண்ணன் சேர்வராயன் மலைக்கும், நடுவண்ணன் பச்சைமலைக்கும், சின்னண்ணன் கொல்லிமலைக்கும் சென்றனர் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் கதை. அதை அவர் வாயால் கேட்ட பின்பு மலை வேறாகத் தோன்றியது. காப்பி, 1820களில் சேலம் ஆட்சியராயிருந்த காக்பர்ன் என்பவரால் இங்கு வந்தது. சில்வர் ஓக் ஆஸ்திரேலிய மரம். நாங்களோ தருமபுரியிலும் ஆத்தூரிலும் ஈரோட்டிலுமிருந்து வந்தவர்கள். வந்து வேர்பிடித்தவற்றுக்கெல்லாம் இடம் கொடுத்த மண்ணில், நெடுங்காலம் முன்னே வந்தவரின் பெயரை மட்டும் நாங்கள் கேட்டதில்லை. எங்கள் வகுப்பில் அவர்கள் வீட்டுப் பிள்ளை ஒருவர்கூட இல்லை என்பதும் அப்போதுதான் எங்கள் கண்ணில் பட்டது.

இப்படிக் கற்றது வாழ்நாள் முழுதும் கைகொடுத்தது என்று எழுதிவிட ஆசைதான். உண்மை அவ்வளவு அழகாக இல்லை. எங்களுள் ஒருவர் வட்டாட்சியரானார். மனுவோடு வருபவரை முதலில் அமரச் செய்து, பெயர் கேட்டு, அப்பெயராலேயே அழைப்பார். இன்னொருவர் கோவையில் தொழிற்கூடம் நடத்தினார். பதினோராண்டுகள் வாயிலில் காவல் இருந்தவர் இறந்தபோது, மாலையோடு சென்றவருக்கு வீட்டை விசாரிக்க அவருடைய பெயர் தெரியவில்லை. அன்றிரவு எங்கள் நால்வருக்கும் தொலைபேசியில் அவரே இதைச் சொன்னார். "பிரதர் கேட்டது போலவே இருந்தது" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

2019ஆம் ஆண்டு மே மாதம் மீண்டும் மலையேறினோம். அந்தச் சரிவில் ஆரஞ்சு மரம் ஒன்றும் இல்லை. காப்பி இருந்தது; சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி ஏறியிருந்தது. முதியவர் காலமாகி நெடுநாளாகிவிட்டது. அவர் பெயரை நாங்கள் மறக்கவில்லை. அவர் வீட்டாரைக் கேளாமல் அதை அச்சில் ஏற்றுவது முறையன்று என்பதால் இங்கே எழுதவில்லை.

அந்தப் பெயரைச் சொல்லித்தான் வீட்டு வாசலில் நின்றோம். முறத்தில் சாமை புடைத்துக்கொண்டிருந்த பெண்மணி, அவருடைய பேத்தியாம், எங்களை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீங்க யாருங்க? பேரு என்ன?"

ஒருவர்பின் ஒருவராகச் சொன்னோம். கோவையில் இருந்தவர் முந்தைய ஆண்டு எங்களைப் பிரிந்திருந்தார். அவர் பெயரையும் சேர்த்து ஐந்து பெயர்கள் சொன்னோம்.