கிராம்பு வாசமும் மூன்று வாரமும்

பல் ஆஸ்பத்திரி என்றாலே எங்கள் தலைமுறைக்கு நினைவுக்கு வருவது கிராம்பு வாசம்தான். துத்தநாக ஆக்ஸைடு பொடியை, கிராம்புத் தைலத்தில் உள்ள யூஜினாலோடு கண்ணாடித் தட்டில் வைத்துக் குழைப்பார்கள். தற்காலிகமாகப் பல் அடைக்க அதுதான் அப்போது. வலியையும் கொஞ்சம் அடக்கும்.

போன தை மாதம் எனக்கு வலது கடைவாய்ப் பல்லில் ரூட் கேனல் ஆரம்பித்தார்கள். இடது பக்கம் ஏற்கெனவே இரண்டு போய்விட்டன. இதுவும் போனால் கஞ்சிதான். வேரைச் சுத்தம் செய்து மருந்து வைத்த டாக்டரம்மா, "ஒரு வாரம் கழிச்சு வாங்க சார்" என்றார். எனக்கோ மறுநாள் ராத்திரி பெங்களூருக்கு ரயில். மகளுக்குப் பிரசவ நேரம். திரும்ப மூன்று வாரமாவது ஆகும் என்றேன்.

கையில் எடுத்த டப்பாவை அப்படியே வைத்துவிட்டு யோசித்தார். அது கேவிட். குழைக்க வேண்டாம், எச்சில் ஈரத்திலேயே இறுகும். இறுகும்போது லேசாக உப்புவதால் ஓரங்களை நன்றாக அடைத்துக்கொள்ளும். ஆனால் மெது. மூன்றரை மில்லிமீட்டர் கனமாவது வேண்டும். கடைவாயில் மென்றால் நாளாவட்டத்தில் தேய்ந்துவிடும். ஐ.ஆர்.எம். என்பது நம் பழைய கிராம்பு மருந்தேதான், பிளாஸ்டிக் சேர்த்து உறுதியாக்கியது. தேயாது, ஆனால் ஓரம் கேவிட் அளவுக்குச் சேராது. பிறகு ரெசின் வைத்து அடைப்பதானால், யூஜினால் அதைச் சரியாக இறுக விடாதாம். கிளாஸ் அயனோமர் பல்லோடு ஒட்டியே பிடிக்கும். பல் நிறத்திலேயே இருப்பதால் பின்னால் சுரண்டி எடுப்பதுதான் பாடு.

இத்தனை யோசனை எதற்கு என்றால், அடைப்பின் ஓரத்தில் எச்சில் கசிந்தால் கிருமி மறுபடி வேருக்குள் போகும். செய்த வேலை அத்தனையும் வீண். உங்களுக்கு யாருக்காவது அடைப்பு விழுந்தாலோ ஆடினாலோ, குறித்த தேதி வரட்டும் என்று இருக்காதீர்கள். வலி இல்லாவிட்டாலும் போய்விடுங்கள்.

கடைசியில் அடியில் கேவிட், மேலே கிளாஸ் அயனோமர் என்று இரண்டு அடுக்காக வைத்தார். பெங்களூரில் சம்பந்தி வீட்டு முறுக்கை மூன்று வாரமும் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

நான்காவது வாரம் ஊசிமுனைக் கருவியால் குத்திப் பார்த்தார். அசையவில்லை. சுரண்டி எடுக்கத்தான் அவருக்கு நேரம் பிடித்தது. நடுவில், "பேரனா, பேத்தியா?" என்று கேட்டார். வாய் நிறையப் பஞ்சு. பதில் சொல்லப் பத்து நிமிஷம் ஆயிற்று.

பேத்தி.