டைன்ஹாம் - ஆளில்லாத ஊரின் கணக்கு

பாண்ட் என்ற பெயரைக் கேட்டதும் எல்லோருக்கும் துப்பாக்கியும் சீறிப்பாயும் காரும்தான் நினைவுக்கு வரும். இந்த பாண்ட் வேறு. இங்கிலாந்தின் தென்கடற்கரையில், டார்செட் பகுதியில், கடலைப் பார்த்த ஒரு பள்ளத்தாக்கில் இருக்கிறது டைன்ஹாம் என்ற சிறு கிராமம். அந்த ஊரின் நிலக்கிழார்கள்தான் இந்த பாண்ட் குடும்பத்தார். இவர்களின் குலச்சின்னத்தில் உள்ள லத்தீன் வாசகத்துக்கு 'உலகம் போதாது' என்று பொருள். 1999-ல் வந்த ஜேம்ஸ் பாண்ட் படத்தின் தலைப்பும் அதுவே! உலகமே போதாது என்ற குடும்பத்துக்குக் கடைசியில் அந்த ஊர்கூட மிஞ்சவில்லை.

டைன்ஹாம் பழைய ஊர். 1086-ல் இங்கிலாந்து மன்னர் எடுத்த நிலக் கணக்கெடுப்பிலேயே அதன் பெயர் இருக்கிறது. 1683-ல் நத்தானியேல் பாண்ட் என்பவர் அதை விலைக்கு வாங்கினார். அதற்குப் பிறகு 250 ஆண்டுகளுக்கும் மேலாக ஊர் அந்தக் குடும்பத்தின் கையில்தான். பெரிய கல் மாளிகை அவர்களுடையது. வயல் அவர்களுடையது. உழைப்பவர்கள் குடியிருந்த சின்னச் சின்ன கல் வீடுகளும் அவர்களுடையதே. ஊர்க்காரர்கள் பண்ணையில் வேலை செய்தார்கள், பக்கத்து வொர்பேரோ விரிகுடாவில் மீன் பிடித்தார்கள். ஒரு தேவாலயம், ஒரு தபால் நிலையம், ஒரு பள்ளிக்கூடம். பிள்ளைகள் குறைந்துபோனதால் பள்ளி 1932-லேயே மூடப்பட்டது. மின்சாரம் வரவே இல்லை.

பிறகு வந்தது இரண்டாம் உலகப்போர். பக்கத்து லல்வொர்த்தில் முதல் உலகப்போர் காலத்திலிருந்தே டாங்கிப் படையின் பயிற்சித் தளம் இருந்தது. ஐரோப்பாவை மீட்கும் படையெடுப்புக்குத் தயாராக, அதற்கு இன்னும் இடம் தேவைப்பட்டது. 1943 நவம்பரில் ஊராருக்குக் கடிதம் வந்தது. டிசம்பர் 19-க்குள் காலி செய்ய வேண்டும். சுமார் ஒரு மாதம்தான் அவகாசம்! கிறிஸ்துமஸுக்கு ஆறு நாள் முன்பு, சுற்றுப்புறத்தையும் சேர்த்து 225 பேர் மூட்டை முடிச்சுகளோடு கிளம்பினார்கள்.

கிளம்பும்போது தேவாலயக் கதவில் ஒரு குறிப்பை மாட்டிவிட்டுப் போனார்கள். வரப்போகும் சிப்பாய்களுக்கு எழுதியது அது. தேவாலயத்தையும் வீடுகளையும் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளச் சொல்லி, தலைமுறைகளாக வாழ்ந்த எங்கள் வீடுகளைப் போரில் வெல்வதற்காக விட்டுக்கொடுத்திருக்கிறோம், ஒருநாள் திரும்பி வருவோம் என்று சொன்னது.

போர் முடிந்தது. 1948-ல் அரசு நிலத்தைக் கட்டாயமாகக் கையகப்படுத்தி, ராணுவத்திடமே நிரந்தரமாக விட்டுவிட்டது.

இங்கேதான் ஒரு வணிகவியல் கேள்வி வருகிறது. இழப்பீடு யாருக்கு? நிலத்துக்கும் வீடுகளுக்குமான விலை பாண்ட் குடும்பத்துக்குப் போனது. பத்திரம் அவர்கள் பெயரில்தானே இருந்தது! வாடகைக்குக் குடியிருந்தவர்களுக்குக் கிடைத்தது, தோட்டத்தில் அவர்கள் பயிரிட்டிருந்த காய்கறிக்கான பணம் மட்டுமே. கணக்குப்படி பார்த்தால் இதில் தவறில்லை. உரிமையாளருக்கு ஈடு கொடுத்தாயிற்று, விளைச்சலுக்கும் ஈடு கொடுத்தாயிற்று. ஏடு சரியாக நேராகிவிடும்.

ஆனால் அந்தக் குறிப்பில் இருந்த 'எங்கள் வீடுகள்' என்ற சொல்லை எந்தப் பத்தியில் எழுதுவது? யோசித்துப் பாருங்கள். பத்திரத்தில் ஒரு கல்கூட அவர்களுடையது இல்லை. அப்பனும் பாட்டனும் பிறந்து, அதே தேவாலயத் தோட்டத்தில் புதைக்கப்பட்டது மட்டும்தான் அவர்களின் பத்திரம். அதற்குச் சந்தை விலை கிடையாது.

போனவர்கள் எல்லோரும் அழுதுகொண்டே வாழ்ந்தார்கள் என்றும் சொல்ல முடியாது. புது வீடுகளில் மின்விளக்கும் குழாய்த் தண்ணீரும் கிடைத்ததில் மகிழ்ந்தவர்களும் உண்டு. விலை கிடைத்த நிலக்கிழாருக்கும் இழப்பு இல்லாமல் இல்லை. மாளிகையின் பெரும்பகுதி 1960-களில் இடிக்கப்பட்டது, அதன் செதுக்குக் கற்கள் வேறு இடங்களுக்குப் போயின. அந்தக் குடும்பத்தில் பிறந்த லிலியன் பாண்ட், 1956-ல் ஊரின் நினைவுகளை ஒரு புத்தகமாக எழுதி வெளியிட்டார். பணம் வாங்கிய பிறகும் தீராத ஒன்று அவர்களுக்கும் இருந்தது போலும்.

1975 முதல் குறிப்பிட்ட நாட்களில், பெரும்பாலும் வார இறுதிகளில், பொதுமக்களை உள்ளே விடுகிறார்கள். தேவாலயமும் பள்ளிக்கூடமும் காட்சிக்கூடங்களாகப் பராமரிக்கப்படுகின்றன. மற்ற வீடுகள் கூரையில்லாத சுவர்கள். உழவும் ரசாயன உரமும் நின்றுபோனதால் சுற்றியுள்ள நிலத்தில் காட்டுப் பூக்களும் பறவைகளும் பெருகிவிட்டன. பீரங்கிக் குண்டு விழும் இடத்தில் பறவைக்கு இடம் கிடைத்திருக்கிறது, மனிதனுக்குத்தான் கிடைக்கவில்லை!

ஊரை விலைக்கு வாங்கியவர் ஒருவர், விலைக்கு எடுத்துக்கொண்டது அரசு. இரண்டு விற்பனையிலும் அங்கே குடியிருந்தவர்களின் கையெழுத்து மட்டும் தேவைப்படவில்லை.