தாத்தா போர்த்திய இறக்கை

கோயில் கருவறைக்கு மேலே நிற்பதும் விமானம். சுபாங்கிலிருந்து எழுந்து பறப்பதும் விமானம். தமிழ் படிக்கும் நமக்கு இதில் குழப்பம் ஏதுமில்லை. ஆனால், 74 வயதான என் தாத்தாவுக்கு முன்னது மட்டுமே விமானம். பின்னதை இன்றும் அவர் ‘ஆகாயக் கப்பல்’ என்றுதான் சொல்வார். அவரும் நானும் சேர்ந்து சென்ற ஆண்டு ஓர் ஆகாயக் கப்பலைக் கட்டி முடித்தோம். அந்தக் கதையைத்தான் இங்கே எழுதுகிறேன். கழக நண்பர்கள் பொறுத்தருள வேண்டும். இதில் இலக்கியம் குறைவு. பசை நெடி அதிகம்.

பகுதிநேர வேலையில் சேர்த்த பணத்தில் நான் வாங்கியது கடையில் கிடைக்கும் பொம்மை விமானம் அல்ல. பெட்டியைத் திறந்தால் லேசரால் வெட்டிய மெல்லிய மரத்துண்டுகள், ஆளுயரத்துக்கு விரியும் வரைபடத் தாள், கொஞ்சம் கம்பி, இவ்வளவுதான். நாமே ஒவ்வொன்றாக ஒட்டிக் கட்ட வேண்டும். பைப்பர் ஜே-3 கப் என்ற அமெரிக்க விமானத்தின் மாதிரி அது. 1938 முதல் 1947 வரை ஏறக்குறைய 20,000 விமானங்கள் அந்த வகையில் செய்யப்பட்டன. பெரும்பாலானவற்றில் இருந்தது 65 குதிரைத்திறன் இயந்திரம்தான். உண்மையான கப்பின் இறக்கை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை 10.7 மீட்டர், என்னுடையது 1.2 மீட்டர், அதாவது ஒன்பதில் ஒரு பங்கு. விடுதித் தோழிகள் பெட்டியைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, “நீ அஜித் ரசிகையா?” என்பதுதான். சென்னை எம்.ஐ.டி. மாணவர்களின் தக்‌ஷா ஆளில்லா விமானக் குழுவுக்கு 2018-இல் அவர் ஆலோசகராக இருந்தது அவர்களுக்கு நினைவிருந்தது. அப்துல் கலாம் படித்த கல்லூரியும் அதுவே என்பதை நான்தான் எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது!

தாத்தா காப்பார் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவர். பிரிக்பீல்ட்ஸில் துன் சம்பந்தன் சாலையை ஒட்டிய சந்தில் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் தையற்கடை வைத்திருந்தார். 18 மார்ச் 2020-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. திருமணங்கள் நின்றன. திருமணமில்லாத ஊரில் கோட்டுத் தைக்க யார் வருவார்? மறு ஆண்டு கடையை ஒப்படைத்துவிட்டு எங்கள் கிள்ளான் வீட்டுக்கு வந்தார். தையல் இயந்திரமும் கூடவே வந்தது. கூடத்து மூலையில் அதன்மேல் ஒரு பழைய வேட்டியைப் போர்த்தி வைத்தார். அதன் பிறகு அவர் அதைத் தொட்டு நான் பார்த்ததில்லை. கைநடுக்கம் வேறு தொடங்கியிருந்தது.

அவரை இந்த வேலைக்குள் இழுத்தது குண்டூசிதான். வரைபடத்தைப் பலகையில் விரித்து, மரத்துண்டுகளை அதன்மேல் வைத்து, பசை காயும்வரை அசையாமல் குண்டூசியால் நிறுத்த வேண்டும். அவருடைய குண்டூசி டின்னைக் கேட்டேன்.

“எதுக்கு பாப்பா?”

காட்டினேன். வரைபடத்தைச் சிறிது நேரம் உற்றுப் பார்த்தார். “சட்டை வெட்டுற தாள் மாதிரியில்ல இருக்கு? முன்பக்கம், பின்பக்கம், கை… எல்லாம் பார்ட்டு பார்ட்டா” என்றவர், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

கையேடு ஆங்கிலத்தில் இருந்தது. தாத்தாவுக்குத் தமிழ் மட்டுமே வாசிக்கத் தெரியும். எனவே, ஒவ்வொரு படியையும் நான் தமிழில் சொல்ல வேண்டியதாயிற்று. இது எளிது என்றுதான் நினைத்தேன். நான் 2011-இல் முதலாம் ஆண்டில் சேர்ந்தவள். 2003 முதல் ஆங்கிலத்தில் நடந்துவந்த கணிதமும் அறிவியலும் எங்கள் அணி தொடங்கித் தமிழ்ப்பள்ளியில் மீண்டும் தமிழுக்குத் திரும்பின. விசை, உராய்வு என்றெல்லாம் பாடநூல் கற்றுக்கொடுத்தது. ஆனால், இடைநிலைப்பள்ளியில் ஐந்தாண்டுகள் மலாயிலும் ஆங்கிலத்திலுமே அறிவியல் படித்ததில், ஆறாம் ஆண்டுக்கு மேற்பட்ட சொற்கள் என்னிடம் தமிழில் இல்லை. இறக்கைக்குள் குறுக்கே வரிசையாக நிற்கும் துண்டுகளைக் காட்டி நான் தயங்கியபோது, “விலா எலும்புதானே?” என்றார் தாத்தா. அவற்றைக் கோத்து நீளவாக்கில் ஓடும் கட்டையை ‘உத்தரம்’ என்றார்; தோட்டத்து வீட்டுக் கூரையைத் தாங்கியது அதுவாம். வாலில் திரும்பும் பலகைக்கு மட்டும் நான் சொல் கொடுத்தேன்: சுக்கான். அரபு மாலுமிகளிடமிருந்து நம் கடலோடிகள் வழியாகத் தமிழுக்கு வந்த சொல் அது. “கப்பலுன்னா சுக்கான் இருக்கணும்ல!” என்று சிரித்தார். ஆகாயக் கப்பல் என்பது பிழையான பெயர் அல்ல என்று அன்று எனக்குப் பட்டது.

அந்த மரத்தையும் அவர் விடவில்லை. பால்சா துண்டைக் கையில் ஏந்தி, “இதென்ன, இலவம்பஞ்சு மாதிரி கனமே இல்ல?” என்றார். தேடிப் பார்த்தேன். தென்னமெரிக்க மரமான பால்சாவும் நம் இலவ மரமும் ஒரே தாவரக் குடும்பமாம்!

எலும்புக்கூடு தயாராக மூன்று வாரங்கள் ஆயின. அடுத்து வந்தது போர்த்தும் வேலை. மஞ்சள் நிற நெகிழிப் படலத்தைச் சூட்டால் மரத்தில் ஒட்டி, பின்பு கூடுதல் சூடு காட்டினால் அது சுருங்கி மத்தளத் தோல்போல் இறுகும். ஒரு பக்கத்தை மட்டும் முதலில் இறுக்கிவிட்டால் இறக்கையே முறுக்கிக்கொள்ளும். முறுக்கிய இறக்கை நேராகப் பறக்காது. இதைத் தாத்தாதான் செய்ய வேண்டும் என்று கேட்டேன்.

“வேணாம் பாப்பா. கை நடுங்குது. உன் சாமானக் கெடுத்துடுவேன்.”

நான் வற்புறுத்தவில்லை. ஒரு செய்தியை மட்டும் சொன்னேன். 1903-இல் ரைட் சகோதரர்களின் விமான இறக்கையில் இருந்தது பருத்தி மஸ்லின் துணி. அதைத் தையல் இயந்திரத்தில்தான் தைத்தார்கள். கப் விமானமும் துணி போர்த்தியதுதான். தாத்தா பதில் பேசவில்லை. இரவு சாப்பாட்டுக்குப் பிறகு, பெட்டிக்குள் கிடந்த தம் பழைய இஸ்திரிப்பெட்டியை எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் நான் பார்த்ததை முழுவதும் எழுத வேண்டும். இஸ்திரிப்பெட்டியை முதலில் ஒரு வீண் துண்டில் வைத்துச் சூட்டைச் சோதித்தார். பிறகு ஓரங்களில் அங்கொன்றும் இங்கொன்றுமாக ஒட்டினார். “மொதல்ல இழை ஓட்டணும். நெலையாத் தைக்கிறது அப்புறந்தான்.” அழுத்தினார், எடுத்தார், தள்ளி வைத்து மீண்டும் அழுத்தினார். கோட்டுக் கழுத்துக்குக் கேன்வாஸ் ஒட்டும் முறை அது. இழுத்துத் தேய்த்தால் உள்ளே கேன்வாஸ் நகர்ந்துவிடுமாம். இறக்கை நுனி வளைவில் படலம் சுருக்கம் விழுந்தது. கத்திரியால் ஓரத்தில் சிறுசிறு வெட்டுகள் கொடுத்து, ஒன்றன்மேல் ஒன்றாகப் படிய வைத்தார். ரவிக்கைக் கழுத்துக்கும் இப்படித்தான் என்றார். மேல்பக்கம் கொஞ்சம், கீழ்ப்பக்கம் கொஞ்சம் என்று மாறிமாறிச் சூடு காட்டினார். இந்த நேரம் முழுவதும் நான் அவர் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பெட்டியைத் தூக்கும்போது கை நடுங்கியது. பெட்டி இறக்கைமேல் அமர்ந்ததும் அதன் எடையே கையைப் பிடித்து நிறுத்தியது.

மின்பொருத்தும் வேலை ஒரே மாலையில் முடிந்தது. மோட்டார், வேகக் கட்டுப்பாட்டுக் கருவி, ஒன்பது கிராம் சர்வோக்கள், 2.4 கிகாஹெர்ட்ஸ் வாங்கி, 11.1 வோல்ட் மின்கலம். அதில் தாத்தாவுக்கு ஆர்வம் இல்லை. ஈர்ப்பு மையத்தைச் சோதிக்க மட்டும் வந்தார். இறக்கையின் முன்விளிம்பிலிருந்து அகலத்தில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று முன்பாக, இரண்டு விரல்நுனிகளால் விமானத்தைத் தாங்கினால் அது மட்டமாக நிற்க வேண்டும். வால் தாழ்ந்தால் விமானம் கைக்கு அடங்காது. மின்கலத்தை முன்னும் பின்னும் நகர்த்தி நிறுத்தினோம்.

பறக்கவிட்டது மேரு பக்கம், செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய ஒரு திடலில். விமான நிலையங்களுக்கு அருகில் பறக்கவிடக் கூடாது, 400 அடிக்கு மேல் ஏற்றக் கூடாது என்பது சட்டம். காற்று எழும் முன், காலை ஏழரை மணிக்கே போய்விட்டோம். முதல் முறை அனுபவமுள்ளவர் கையில் கொடுப்பதே வழக்கம். அங்கு வாரந்தோறும் வரும் ஒரு சீன அங்கிள் அதற்கு ஒப்புக்கொண்டிருந்தார். அவர் விமானத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இறக்கை நுனியை விரலால் தடவினார். இதைப் போர்த்தியது யார் என்று மலாயில் என்னைக் கேட்டார்.

நான் வாய் திறப்பதற்குள், “சாயா” என்றார் தாத்தா, சட்டைக் காலரைச் சரிசெய்தபடி.

விமானம் முதலில் ஆறு நிமிடங்கள் பறந்தது. இரண்டாவது முறை அங்கிள் பக்கத்தில் நிற்க, நான் ஒரு சுற்று மட்டும் சுற்றிவந்தேன். தாத்தா இரண்டு முறையும் ஒன்றும் சொல்லவில்லை. தரையிறங்கியதும் முதலில் ஓடியவர் அவர்தான். வெயிலில் இடப்பக்க இறக்கையில் மூன்றாம் விலாவுக்கும் நான்காம் விலாவுக்கும் நடுவே படலம் தளர்ந்து ஒரு சிறு சுருக்கம் விழுந்திருந்தது. “வீட்டுக்குப் போனதும் இதுக்கு ஒரு சூடு காட்டணும்” என்றார். கூடத்துத் தையல் இயந்திரத்தின்மேல் அந்த வேட்டி இன்னும் அப்படியேதான் இருக்கிறது. இஸ்திரிப்பெட்டி மட்டும் வெளியிலேயே இருக்கிறது.