பெட்டியை நீட்டுகிறவள்

ஏதென்ஸ் தேசியத் தொல்பொருள் காட்சிசாலையில் கூட்டமெல்லாம் ஒரு வெண்கலத் தேவனைச் சுற்றித்தான். 1926-லும் 1928-லுமாகக் கடலடியிலிருந்து எடுத்தவன். ஏழடி உயரம் இருப்பான். ஓங்கிய கையில் இருந்தது இடியா, திரிசூலமா என்று பண்டிதர்கள் இன்னும் வாதாடுகிறார்கள்.

என்னைப் பிடித்து நிறுத்தியது ஒரு சமாதிக் கல். 1870-ல் கெராமைக்கோஸ் இடுகாட்டில் கிடைத்தது. வயது இரண்டாயிரத்து நானூறு. நாற்காலியில் ஒரு சீமாட்டி. எதிரே பணிப்பெண் நகைப்பெட்டியை நீட்டுகிறாள். சீமாட்டி ஒரு நகையை எடுத்துப் பார்க்கிறாள். அந்த நகையைச் செதுக்காமல் சாயத்தால் தீட்டியிருந்தார்களாம், அழிந்துவிட்டது. இப்போது விரல்கள் வெறுங்காற்றைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன.

இறந்தவள் ப்ரோக்ஸெனோஸின் மகள் ஹெகெசோ என்று மேலே எழுத்து சொல்கிறது. பணிப்பெண்ணின் பெயர்? இல்லை. ஜனநாயகம் பிறந்த ஊர்தான்; அங்கே இப்படிக் கைகட்டி ஊழியம் செய்தவர்கள் பெரும்பாலும் அடிமைகள். ஆனாலும் சிற்பி அவளை அலட்சியமாகச் செதுக்கவில்லை. எஜமானியின் துக்கத்தில் பாதி அவள் முகத்தில் இருக்கிறது.

கதை எழுதுகிற புத்தி சும்மா இருக்குமா? அவளுக்கு ஒரு பெயர் வைத்துப் பார்த்தேன். ஒன்றும் பொருந்தவில்லை. கொடுக்க வேண்டியவர்கள் அன்றே கொடுத்திருக்க வேண்டும்.