பேச்சுக்கு இடம்விடும் ஒலிபெருக்கி

ஹைதராபாத்தில் எங்கள் வளாகத்துத் தமிழ் மாணவர்கள் மாதம் ஒருமுறை திறந்தவெளியில் கூடுகிறோம். பிறந்தநாள், ஆய்வேடு சமர்ப்பித்தவரின் விருந்து, தை பிறந்தால் பொங்கல் என ஏதேனும் ஒரு காரணம் அமைந்துவிடும். இக்கூடுகைகளுக்கெனப் பொதுவில் ப்ளூடூத் ஒலிபெருக்கி வாங்கும் பொறுப்பு இவ்வாண்டு என்னிடம் வந்தது. திரண்ட தொகை 12,000 ரூபாய். மாதம் 37,000 ரூபாய் இளநிலை ஆய்வு உதவித்தொகை பெறுவோரின் பங்கும் அதில் உண்டு. நெட் அல்லாதோருக்கான 8,000 ரூபாயில் மாதத்தை ஓட்டுவோரின் பங்கும் உண்டு. ஆகவே எதை வாங்கினேன் என்பதோடு, ஏன் அதை வாங்கினேன் என்பதற்கும் கணக்குச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

பெரும்பாலோர் கேட்டது ஒன்றே: "பெரிதாக வாங்குங்கள்." வண்ண விளக்குகள் மின்ன, இடுப்புயரத்திற்கு நிற்கும் பெட்டி. பிற மொழிக் குழுக்களிடம் அத்தகையது இருக்கிறது. இந்த விருப்பத்தை வெறும் ஆடம்பரம் என்று ஒதுக்க எனக்கு மனமில்லை. பல்லாயிரம் பேர் வாழும் வளாகத்தில் முப்பது பேராக இருப்பவர்களுக்குச் சத்தம் என்பது இருப்பின் அறிவிப்பு. நாங்களும் இங்கே இருக்கிறோம் என்று சொல்ல எளிய வழி, ஒலியளவைக் கூட்டுவதுதான். அந்த வழி நம் கூடுகைக்கு என்ன செய்கிறது என்பதையே நான் யோசிக்க வேண்டியிருந்தது.

முதலில் ஒலியின் கணக்கு. அறைக்குள் சுவர்களும் கூரையும் ஒலியைத் திருப்பி அனுப்புகின்றன. திறந்தவெளியில் அந்த உதவி கிடையாது. தூரம் இருமடங்காகும் ஒவ்வொரு முறையும் ஒலி ஏறத்தாழ 6 டெசிபல் குறைகிறது. ஒரு மீட்டரில் 90 டெசிபல் தரும் பெட்டி, 4 மீட்டரில் 78, 16 மீட்டரில் 66 டெசிபல் தரும். இயல்பான உரையாடல் ஒரு மீட்டர் தூரத்தில் ஏறக்குறைய 60 டெசிபல். நாம் கூடும் புல்வெளியின் நீளம் சுமார் 16 மீட்டர். ஒரு கோடியில் பெரிய பெட்டியை வைத்து மறுகோடிக்குப் பாட்டைக் கேட்கச் செய்தால், பெட்டியருகே அமர்ந்தவர் அடுத்தவர் காதில் வாய்வைத்துக் கத்த வேண்டியிருக்கும்.

அதே வேலையை இரண்டு சிறிய கருவிகளிடம் கொடுத்துப் பாருங்கள். புல்வெளியில் 4 மீட்டரில் ஒன்று, 12 மீட்டரில் மற்றொன்று. இப்போது யாரும் ஏதேனும் ஒரு கருவியிலிருந்து 4 மீட்டருக்கு மேல் விலகியிருக்க மாட்டார்கள். கடைசி ஆளுக்கு அதே 66 டெசிபல் கிடைக்க, ஒவ்வொரு கருவியும் ஒரு மீட்டரில் 78 டெசிபல் தந்தால் போதும். மிக அருகில் இருப்பவரின் காதுக்கு 12 டெசிபல் மிச்சம்.

இந்த மிச்சம் நம்மோடு நிற்பதில்லை. புல்வெளியிலிருந்து சுமார் 80 மீட்டரில் உணவகப் பணியாளர்களின் குடியிருப்பு இருக்கிறது. நம் காலைச் சிற்றுண்டிக்காக விடியுமுன் எழுபவர்கள் அவர்கள். பெரிய பெட்டி அவர்கள் சன்னலுக்கு ஏறத்தாழ 52 டெசிபல் கொண்டு சேர்க்கும். சிறியவை இரண்டும் சேர்ந்து 43. காற்றும் மரங்களும் சுவர்களும் இவ்வெண்களைச் சற்று மாற்றும். ஆனால் இரண்டிற்கும் இடையிலான வேறுபாட்டை அழித்துவிடா. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசுக் கட்டுப்பாட்டு விதிகள், கல்வி நிறுவனங்களைச் சூழ்ந்த அமைதி மண்டலத்திற்குப் பகலில் 50, இரவில் 40 டெசிபல் என வரம்பு வகுக்கின்றன. இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கியே கூடாது என்பதும் அவ்விதிகளில் உண்டு. சட்டம் இருக்கட்டும், காலையில் நமக்கு இட்லி எடுத்து வைப்பவரின் உறக்கம் சட்டத்திற்கு முந்தியது.

இரண்டாவது, கூடுகையின் நோக்கம். வாரம் முழுவதும் நாம் ஆய்வகத்தில் ஆங்கிலமும், கடைத்தெருவில் தெலுங்கும் தக்காணி உருதும் பேசிக் கழிக்கிறோம். முதலாண்டு மாணவர் பலருக்கு, மாதத்தில் அந்த இரண்டு மணி நேரமே தடையின்றித் தமிழ் பேசக் கிடைக்கும் பொழுது. நெறியாளரிடம் சொல்ல முடியாததை, வீட்டாரிடம் சொல்ல விரும்பாததை அங்கேதான் சொல்கிறார்கள். அத்தகைய பேச்சு தாழ்ந்த குரலில்தான் வரும். தமிழை அறிவிப்பதற்காக வாங்கிய கருவி, தமிழில் பேச வந்தவரின் வாயை அடைத்துவிடலாகாது.

இதற்கு இந்த ஊரே பாடம் வைத்திருக்கிறது. பதுகம்மா நாட்களில் பெண்கள் பூக்கோபுரத்தைச் சுற்றிக் கைதட்டி வலம் வருவார்கள். ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க மற்றவர் திருப்பிப் பாடுவார்கள். அந்த வட்டத்தின் அளவைத் தீர்மானிப்பது மனிதக் குரல். முன்பாடுபவர் குரல் எட்டுமளவே வட்டம் விரியும். கூட்டம் பெருகினால் இன்னொரு வட்டம் தோன்றும். பெரிய பெட்டிகள் பாட்டைப் பொழியும் வட்டங்களையும் கண்டிருக்கிறேன். அங்கும் கைகள் தட்டுகின்றன, கால்கள் சுற்றுகின்றன. ஆனால் பாடுவோர் குறைந்துபோகிறார்கள். பாடத் தேவையில்லை என்றாகிவிட்ட பிறகு யார்தான் பாடுவார்?

இவ்வளவையும் மனத்திற்கொண்டு கடையில் பார்த்தவற்றைச் சொல்கிறேன், உங்களுக்கும் பயன்படலாம்.

வாட் எண்ணைக் கண்டு மயங்க வேண்டாம். மற்றவை சமமெனில், 20 வாட்டுக்குப் பதில் 40 வாட் என்பது 3 டெசிபல் கூடுதல் மட்டுமே. செவிக்கு இருமடங்காகத் தோன்றச் சுமார் 10 டெசிபல், அதாவது பத்துமடங்கு ஆற்றல் வேண்டும். ஆர்எம்எஸ் அளவைக் கேளுங்கள். 1990களின் டேப் ரெக்கார்டர்களில் அச்சிடப்பட்ட பிஎம்பிஓ எண்களுக்கும் உண்மைக்கும் தொடர்பு மிகக் குறைவு.

மின்கலம் இத்தனை மணி நேரம் தாங்கும் என்பது பெரும்பாலும் மிதமான ஒலியளவில் கணிக்கப்படுவது. முழு ஒலியில் அது வெகுவாகச் சுருங்கும்.

ஐபி67 என்றால், முதல் எண் தூசிக்கு. இரண்டாவது, ஒரு மீட்டர் நீரில் அரைமணி நேரம் மூழ்கினாலும் தாங்கும் என்பதற்கு. தக்காண மழைக்கு இது போதும். ஈரம் உலருமுன் சார்ஜ் செய்யக் கூடாது.

இரண்டு கருவிகளை இணைப்பதாயின் ஒரே நிறுவனத்தின் ஒரே மாதிரியாக வாங்குவது நலம். இணைக்கும் நுட்பத்தை ஒவ்வொரு நிறுவனமும் தனக்கெனவே வைத்திருக்கிறது. ஆரகாஸ்ட் என்னும் பொது நுட்பம் 2022இல் அறிமுகமானாலும் எல்லாக் கருவிகளிலும் இன்னும் இல்லை.

கைப்பேசியைக் கால்சட்டையின் பின்பையில் வைக்காதீர்கள். ப்ளூடூத் இயங்கும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை நம் உடலின் நீர் உறிஞ்சிக்கொள்ளும். பாட்டு விட்டுவிட்டுக் கேட்கும். கருவியைத் தரையில் வைக்காமல் முக்காலியில் வைத்தால், குறைந்த ஒலியிலும் சொற்கள் தெளிவாகக் கேட்கும்.

இவற்றின்படி, ஒரே மாதிரியான 20 வாட் கருவிகள் இரண்டு வாங்கினேன். இரண்டும் சேர்ந்து 9,800 ரூபாய். மீதி 2,200 ரூபாய் பொங்கல் கணக்கில் இருக்கிறது. ரசீதைக் குழுவில் பகிர்ந்திருக்கிறேன்.

கருவிகள் மகளிர் விடுதியில் ஒன்றும் ஆடவர் விடுதியில் ஒன்றுமாக இருக்கும். எடுப்பவர் முழுதும் சார்ஜ் செய்து திருப்பித் தரவேண்டும். ஒலியளவுக்கு ஒரே விதி: கருவிக்கு மிக அருகில் அமர்ந்திருப்பவர் குரலை உயர்த்தாமல் பேச முடிய வேண்டும். முடியாதபோது குறைக்கச் சொல்லும் உரிமை அவருக்கே உண்டு, அவர் முதலாண்டு மாணவராயினும். இரவு 9.45க்குப் பாட்டு நிற்கும். அதன்பிறகு யாரேனும் பாட விரும்பினால், கேட்க நாங்கள் அங்கேயே இருப்போம்.