சீமைக்கருவேலின் பூந்தூள்

பரமக்குடி முதல் கடலோரம் வரை எங்கள் பக்கத்தில் சீமைக்கருவேலம் பூக்காத ஊர் ஏது? அம்மர விறகை விற்றே எங்கள் அடுப்பு எரிகிறது. அதன் பூந்தூளோ என் மகளின் மூச்சை அடைத்தது. தும்மலும் கண்ணரிப்புமாய்த் தொடங்கி இழுப்பில் முடியும். இரவெல்லாம் அவளைத் தோளில் சாய்த்தபடி என் மனைவி அமர்ந்திருப்பாள்.

மதுரையில் தோலில் சோதித்துப் பார்த்த மருத்துவர், அந்தப் பூந்தூளின் சாற்றையே ஊசியில் ஏற்றவேண்டும் என்றார். திகைத்தோம். அவர் பொறுமையாய் விளக்கினார்: தீங்கற்ற தூளைப் பகையென்று எண்ணி உடல் போரிடுகிறது, மிகச் சிறிய அளவில் தொடங்கிப் படிப்படியாய்க் கூட்டினால், அப்போரை அடக்கும் வெள்ளணுக்கள் பெருகும், தூளை வழிமறிக்கும் வேறுவகை எதிர்ப்பொருளும் இரத்தத்தில் உண்டாகும். இலண்டனில் நூன் என்னும் மருத்துவர் புல்லின் பூந்தூளைக்கொண்டு இவ்வாறு செய்து 1911-இல் எழுதினாராம்.

முதலில் வாரந்தோறும், பின்பு மாதந்தோறும் ஊசி. போட்டபின் அரைமணி நேரம் அங்கேயே இருத்திவைப்பர். ஊசியே மூச்சை அடைக்கவும் கூடுமல்லவா? முதலாண்டில் பெரிய மாற்றமில்லை. பேருந்துச் செலவுக்கே கடன் வாங்கினோம். நிறுத்திவிடலாம் என்று சொன்னவன் நான்தான், மனைவி இசையவில்லை.

மூன்றாண்டுகள் முடிந்தன. தும்மல் இன்னும் உண்டு, இழுப்பு இல்லை. சென்ற வாரம் கருவேலங்காட்டு வழியே எனக்குக் கஞ்சி கொண்டுவந்தாள். மரமெல்லாம் மஞ்சளாய்ப் பூத்திருந்தது.