தந்தையாரின் நாள்

என் தந்தையார் 2023 ஏப்ரல் 14ஆம் நாள் நண்பகலில், குமுளியில் தம்பியின் இல்லத்தில் மறைந்தார். பாலக்காட்டில் என் வீட்டுப் பஞ்சாங்கத்தில் அன்று சித்திரை முதல் நாள். தம்பி வீட்டுச் சுவரில் தொங்கிய மலையாள நாட்காட்டியிலோ மீனத்தின் கடைசி நாள்.

இரண்டும் பிழையல்ல. கதிரவன் மேடத்தில் புகுந்தது அன்று பிற்பகலில். மாலை மறைவதற்குள் புகுந்தால் அன்றே மாதப்பிறப்பு என்பது நம் வழக்கு. மலையாள வழக்கிலோ பகற்பொழுதை ஐந்து கூறாக்கி, முதல் மூன்று கூறுக்குள், அதாவது 18 நாழிகைக்குள் புகுந்தால்தான் அந்த நாள். நாழிகைக்கு 24 நிமிடம். ஆறு மணிக்கு உதயமெனில் எல்லை பகல் 1 மணி 12 நிமிடம். அவ்வாண்டு விஷு 15ஆம் தேதிக்குத் தள்ளிப்போனது இதனால்தான். (அலுவலக நண்பர்களுக்கு இக்கணக்கைச் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது.)

விடுமுறைக்கு எந்த நாளானால் என்ன? திவசத்திற்கு? நான் சித்திரைத் தேய்பிறை நவமி என்றேன். தம்பியோ, "அண்ணா, இங்கே எல்லாரும் நட்சத்திரந்தான் பார்க்கிறார்கள், மீன மாதத்திலேயே செய்துவிடுகிறேன்" என்றான். புரோகிதரைக் கேட்டேன். "உயிர் பிரிந்தபோது சங்கிரமம் ஆகவில்லையே" என்று அவரும் அவன் பக்கமே சாய்ந்தார். எனக்கு மனம் ஒப்பவில்லை.

2024இல் இரண்டு நாளுக்கும் ஏறத்தாழ ஒரு மாத இடைவெளி. ஒரே பந்தியில் உண்டு வளர்ந்தவர்கள் தனித்தனியே பிண்டம் வைத்தோம்.

வரும் பங்குனியில் குமுளி செல்ல விடுப்பு எழுதிக் கொடுத்திருக்கிறேன். நவமியன்று தான் பாலக்காடு வருவதாகத் தம்பியும் எழுதியிருக்கிறான்.